ஏசி குளிரவில்லையா? முதலில் ஹீட்டர் வால்வைப் பாருங்கள்

(வாசகர் கேள்வி – பதில்: பழைய கார் பராமரிப்பு)

கேள்வி: என்னிடம் 1996-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் இ220 கார் உள்ளது. கடந்த கோடையிலிருந்து, ஓட்டுநர் பக்கத்து ஓரத் துளையிலிருந்து வரும் ஏசி காற்றில் வெதுவெதுப்பு தெரிகிறது. இடப்பக்கத்து ஓரத் துளையில் குளிர்ச்சி குறையவில்லை. அவிநாசி சாலையில் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது பொறுத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் என் வலது காலருகே சூடு ஏறிவிடுகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருமுறை கேஸ் நிரப்பிவிட்டு, இப்போது கம்ப்ரசரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கம்ப்ரசரில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறிகள் ஏசியைவிட ஹீட்டர் வால்வையே வலுவாகச் சுட்டுகின்றன. காரில் இருப்பது ஒரே எவாப்பரேட்டர்தான். இரு பக்கத்துக்கும் போகும் காற்றை அதுவே குளிர்விக்கிறது. கேஸ் மிகவும் குறைந்திருந்தால் இரு பக்கங்களுக்கும் இடையே ஓரளவு வேறுபாடு தோன்றுவது உண்டு. ஆனால் இருமுறை நிரப்பிய பின்னும் இடப்பக்கம் நன்றாகக் குளிர, வலப்பக்கம் மட்டும் சூடாக இருக்கிறதென்றால், குளிர்ந்த காற்றை வழியில் ஏதோ ஒன்று மறுபடி சூடாக்குகிறது என்றே கொள்ள வேண்டும். அந்த ஏதோ ஒன்று, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்னும் சிறிய ரேடியேட்டர்.

உங்களுடைய கார், 1995-இல் புனேயில் மெர்சிடிஸ் நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாகத் தயாரித்த டபிள்யூ124 வரிசையைச் சேர்ந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் என்ஜினின் வெந்நீர் ஹீட்டர் கோருக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு காற்று அதன் வழியாகப் போக வேண்டும் என்பதை ஒரு தகட்டுக் கதவு தீர்மானிக்கும். டபிள்யூ124-இல் ஏற்பாடு வேறு. ஓரத் துளைகளுக்கும் கால் பகுதிக்கும் போகும் காற்று ஹீட்டர் கோரைக் கடந்தே போகிறது. சூட்டின் அளவை முடிவு செய்வது, கோருக்குள் போகும் வெந்நீரின் அளவு. அந்த வெந்நீரைத் திறந்து மூடுவதுதான் ஹீட்டர் வால்வின் வேலை. வலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனி வெப்பநிலைத் திருகுகள் இருப்பதால் வால்வும் இரட்டை: ஒரே உடலில் இரண்டு மின்காந்தச் சுருள்கள், இரண்டு அடைப்பான்கள். மெக்கானிக்குகள் இதை டுவோ வால்வு என்பார்கள். வலப்பக்க அடைப்பான் சரியாக மூடாமல் கசியவிட்டால், நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடக்கும். என்ஜின் வேகம் கூடக்கூட வாட்டர் பம்ப் தள்ளும் நீரின் அளவும் கூடும் என்பதால், நெடுஞ்சாலையில் சூடு அதிகமாவதும் இதோடு பொருந்துகிறது. கேஸ் குறைவாகவோ கம்ப்ரசர் பலவீனமாகவோ இருந்தால் நிலைமை பொதுவாகத் தலைகீழாக இருக்கும்: நெரிசலில் குளிராது, வேகம் எடுத்தால் குளிரும்.

இந்த வால்வின் குணம் ஒன்றை அறிந்துகொண்டால் சோதனை எளிதாகிவிடும். மின்சாரம் வந்தால் இது மூடும். மின்சாரம் போனால் திறக்கும். வயர் அறுந்தாலும், பியூஸ் போனாலும், கட்டுப்பாட்டுப் பெட்டி செயலிழந்தாலும் கார் முழுச் சூட்டுக்குப் போய்விடும். பனி உறையும் ஊரில் கண்ணாடி மறைத்துப் பார்வை இழப்பதைவிட வியர்ப்பது மேல் என்று ஜெர்மானியப் பொறியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் கோயம்புத்தூரின் ஏப்ரல் மாதம் இடம்பெறவில்லை.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு இரு திருகுகளையும் கடைசிக் குளிர் நிலைக்குத் திருப்பிவைத்து, ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, என்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டியிருக்கும் வால்வைத் தேடுங்கள். ஒருபுறம் ஒரு குழாயும் மறுபுறம் இரண்டு குழாய்களும் சேரும் சிறிய உடல் அது; மேலே மின் இணைப்பு இருக்கும். இரட்டைக் குழாய்களை ஒவ்வொன்றாக, கையைப் பட்டென்று எடுத்துவிடும் தயார் நிலையில் தொட்டுப் பாருங்கள். என்ஜின் நீர் 90 டிகிரியை ஒட்டி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வால்வு மூடியிருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே மிதமான சூட்டில் இருக்கும். ஒன்று மட்டும் தொட முடியாமல் சுட்டால், கசிவது அந்தப் பக்கம்.

இரண்டாவது சோதனைதான் தீர்ப்பு சொல்லும். அந்தச் சூடான குழாயை ஹோஸ் கிளாம்ப்பால் (குழாயைக் கவ்வி அடைக்கும் கருவி) நசுக்கி நீரோட்டத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, காரை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் வலப்பக்கக் காற்று இடப்பக்கத்தைப் போலவே குளிர்ந்துவிட்டால், உங்கள் ஏசியில் குறை எதுவும் இல்லை. கேஸுக்குக் கொடுத்த பணம் வீண். இதற்கு வழுவழுப்பான வாயுள்ள கிளாம்ப் தேவை. பல்லுள்ள பிளையரால் முப்பது ஆண்டு வயதான ரப்பர்க் குழாயைக் கவ்வினால், சோதனை முடிந்த கையோடு புதிய குழாயும் வாங்க வேண்டிவரும். நசுக்கிய பிறகும் காற்று குளிரவில்லை என்றால் அப்போது ஏசிக்காரரிடம் போங்கள். அங்கும் முதலில் அழுத்தமானியைப் பொருத்தி அளவைக் காட்டச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் கேஸ் அடைத்தால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசரின் சுமை கூடும். இருமுறை நிரப்பியிருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குறை வால்வில்தான் என்று தெரிந்த பிறகும் உடனே புதியது வாங்கிவிட வேண்டாம். மூடும்படி வால்வுக்குக் கட்டளை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வின் மின் இணைப்பைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, திருகைக் கடைசிக் குளிர் நிலையில் வைத்து, இணைப்பில் மல்டிமீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 12 வோல்ட் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கடைசிச் சூட்டு நிலையில் ஒன்றும் இருக்கக் கூடாது. இடைப்பட்ட நிலைகளில் மின்சாரம் விட்டுவிட்டு வரும். மீட்டர் முள் அல்லது எண் தாவினால் பயப்பட வேண்டாம், அந்த வால்வு வேலை செய்யும் முறையே அதுதான். இடப்பக்கத்துக்கு 12 வோல்ட் வந்து வலப்பக்கத்துக்கு வரவில்லை என்றால் வால்வு குற்றமற்றது. டேஷ்போர்டில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கலாம். நல்ல எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர் அதை மறுபடி பற்றவைத்துத் தருவார். 12 வோல்ட் சரியாக வந்தும் சூடு நிற்கவில்லை என்றால் சுருளையும் அடைப்பானையும் பார்க்க வேண்டும். இரு சுருள்களின் மின்தடையையும் அளந்து ஒப்பிடுங்கள்; இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சுருள் அறுந்திருந்தால் அதன் அளவு எல்லையின்றிக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்து, மின்சாரம் கொடுக்கும்போது டிக் என்ற ஓசையும் கேட்டு, அப்படியும் வெந்நீர் ஓடினால், அடைப்பான் ரப்பர் கிழிந்துவிட்டது அல்லது அதனடியில் அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

பெரும்பாலும் அழுக்குதான். கோவைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்ததும் கையில் கிடைத்த நீரை ஊற்றும் வழக்கத்தால், சுண்ணாம்புப் படிவும் துருவும் சேர்ந்து, நீர் போகும் பாதையில் குறுகலான இடமாகிய இந்த வால்வில் முதலில் தங்குகின்றன. ஆகவே வால்வைக் கழற்றியதும் அதன் உட்புறத்தைப் பாருங்கள். பழுப்பு நிறச் சேறு இருந்தால், குளிர்விப்புப் பாதை முழுவதையும் கழுவாமல் புதிய வால்வைப் பொருத்துவதில் பயனில்லை.

இனி மாற்றும் முறை. என்ஜின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற கார் என்றால் நல்லது. சூடான நிலையில் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் நீர் கொதித்துப் பீறிடும், முகம் வெந்துபோகும். பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, நீர்மட்டம் வால்வுக்குக் கீழே இறங்கும்வரை கூலன்ட்டை ஒரு சுத்தமான பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். அதைத் தரையில் ஓடவிடக் கூடாது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு. தெருநாயோ பூனையோ நக்கினால் பிழைப்பது கடினம்.

குழாய்களைக் கழற்றும் இடத்தில்தான் ஆத்திரக்காரர்கள் செலவை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். பழைய ரப்பர் உலோகத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிடித்து முறுக்கி இழுத்தால், ஹீட்டர் கோரிலிருந்து வெளியே வரும் மெல்லிய குழாய்முனை வளைந்தோ உடைந்தோ போகும். அப்புறம் டேஷ்போர்டு முழுவதையும் இறக்கியாக வேண்டும். அது நாள்கணக்கான வேலை. ஆகவே ஒட்டிய குழாயைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, உரித்து எடுத்துவிடுங்கள். குழாய்கள் மூன்றையும் புதிதாக மாற்றுவதே முறை. வால்வின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை பொருட்டல்ல. கழற்றும் முன் எந்தக் குழாய் எந்த முனைக்குப் போகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வலமும் இடமும் மாறிவிட்டால் வலத் திருகு இடப்பக்கத்தைக் கட்டுப்படுத்தும். வால்வின் உடலில் நீரோட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதன்படியே பொருத்துங்கள்.

பழைய வால்வைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் ஸ்க்ரூக்களை அகற்றி அடைப்பானை வெளியே எடுத்து, வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, ரப்பர் நல்ல நிலையில் இருந்தால் அதையே மறுபடி பயன்படுத்தியவர்கள் உண்டு. ரப்பர் கிழிந்திருந்தால் புதிய வால்வுதான் வழி. பழைய சாமான் கடையில் வேறொரு காரிலிருந்து கழற்றிய வால்வை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதன் ரப்பருக்கும் உங்களுடையதன் வயதுதான் இருக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் பேரம் பேசும் முன், பழைய வால்வின் உடலில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் வால்வுகளில் சில மின்சாரம் வந்தால் திறக்கும், சில மூடும்.

மறுபடி நிரப்பும்போது உங்கள் கையேட்டில் சொல்லியிருக்கும் வகைக் கூலன்ட்டையும் வடிநீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். அப்போது இரு திருகுகளும் கடைசிச் சூட்டு நிலையில் இருக்க வேண்டும். வால்வு திறந்திருந்தால்தான் கோருக்குள் சிக்கிய காற்று வெளியேறும். தெர்மோஸ்டாட் (நீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் அடைப்பான்) திறக்கும்வரை என்ஜினை ஓடவிட்டு, ஆறிய பிறகு மட்டத்தைச் சரிபார்த்து, குறைவதை ஊற்றுங்கள். மறுநாள் காலையில் ஒருமுறையும் பாருங்கள். டேஷ்போர்டுக்குள் நீர் சலசலக்கும் ஓசை கேட்டால் காற்று இன்னும் மிச்சமிருக்கிறது.

கேள்வி: எனது தகப்பனார் வைத்திருந்த 1964-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 காரை நான் பராமரித்து வருகிறேன். ஹீட்டர் பல வருடங்களாக வேலை செய்யவில்லை. என்ஜினின் பின்பக்கம் இருக்கும் ஹீட்டர் டேப் (வெந்நீரைத் திறந்து மூடும் வால்வு) இறுகிப்போய், தண்டடியில் ஈரமும் கசிகிறது. ஜனவரியில் காலை வேளைகளில் கண்ணாடி முழுக்கப் பனி மூடுகிறது. புதிய டேப் பொருத்தினால் சரியாகுமா?
— ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் ஊரில் ஹீட்டர் ஆடம்பரம் அல்ல. புதிய டேப் கட்டாயம் தேவை. ஆனால் அது மட்டும் போதாமல் போகலாம்.

முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்ப நாடுகளில் ஓடிய இவ்வகைக் கார்களில், என்ஜின் சூடாகாமல் இருக்கட்டும் என்று எப்போதோ ஒரு மெக்கானிக் அதை எடுத்து எறிந்திருப்பது மிகச் சாதாரணம். அது இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் குளிரில் நீர் போதிய சூட்டுக்கே வராது. எந்த டேப்பைப் பொருத்தினாலும் வெதுவெதுப்பான காற்றுதான் கிடைக்கும். இந்த என்ஜினுக்கு 74, 82, 88 டிகிரிகளில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுகள் உண்டு. உங்களுக்கு 82 பொருத்தமானது.

டேப், என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் இரண்டு ஸ்டட்களில் (மரையுள்ள தண்டுகள்) நிற்கிறது. அறுபது ஆண்டுத் துருவோடு போராடப் போகிறீர்கள் என்பதால், முதல் நாளே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். மறுநாள் நட்டை ஒரே திசையில் பலம்கொண்டு திருகாமல், சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, பொறுமையாகக் கழற்ற வேண்டும். ஸ்டட் முறிந்தால் துளையிட்டு எடுக்க ஹெட்டையே கழற்ற நேரிடலாம். டேப்பைக் கழற்றும் முன் ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கிவிடுங்கள்.

டேப்பைக் கழற்றிய பிறகு பலர் செய்யத் தவறுவது ஒன்று உண்டு. ஹெட்டில் தெரியும் துளைக்குள் ஒரு கெட்டியான கம்பியை விட்டுப் பாருங்கள். இந்த என்ஜினில் துருச்சேறு முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் அதிகம் தங்கும்; சில கார்களில் அந்தத் துளை களிமண் வைத்துப் பூசியதுபோல் அடைந்திருக்கும். கம்பியால் கிளறிச் சேற்றை வெளியே எடுத்து, வெளியே வரும் நீர் தெளியும்வரை கழுவுங்கள். ஹீட்டரின் இரு குழாய்களையும் கழற்றி, தோட்டக் குழாயின் மெல்லிய அழுத்தத்தில் நீரை எதிர்த்திசையில் செலுத்துங்கள். அழுத்தம் அதிகமானால் பழைய கோரின் பற்றவைப்பு விட்டுப்போகும்.

புதிய டேப்புக்குப் புதிய கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தகடு) அவசியம்; ஹெட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துச் சமப்படுத்திய பிறகே பொருத்துங்கள். கசிவுக்குப் பயந்து பசையை அள்ளிப் பூசினால், பிதுங்கும் பசை நீங்கள் இப்போதுதான் சுத்தம் செய்த துளையை அடைக்கும். மைனர் உங்கள் நாட்டில் இன்றும் ஓடும் வண்டி என்பதால் டேப் கிடைப்பதில் பெரிய சிரமம் இருக்காது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பொருத்தியபின் மாதம் ஒருமுறையாவது டேப்பை முழுக்கத் திறந்து மூடுங்கள். இறுகிப்போவதற்கு முதல் காரணம் அதை யாரும் தொடாமல் விடுவதே.

கேள்வி: ஹீட்டர் வால்வு கசிந்ததால் மெக்கானிக் ஹீட்டருக்குப் போகும் இரு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். திருச்சியில் ஹீட்டர் எதற்கு என்கிறார். என்ஜினுக்குக் கெடுதல் உண்டா?
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: இரண்டையும் இணைத்து நீர் சுற்றி வரும்படி செய்திருந்தால் பெரும்பாலான என்ஜின்களுக்குக் கெடுதல் இல்லை. தனித்தனியாக அடைத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் ஹீட்டர் பாதை வழியாகவே நீரைச் சுற்றவிடும் என்ஜின்கள் உண்டு. அவற்றில் அடைப்பு ஏற்பட்டால் ஹெட்டின் ஒரு பகுதி மட்டும் அதிகமாகச் சூடேறும். இதற்காகவே சில கார்களில் வால்வுக்கு நான்கு முனைகள் வைத்திருப்பார்கள். மூடிய நிலையிலும் நீர் கோருக்குள் போகாமல் வால்வுக்குள்ளேயே திரும்பி என்ஜினுக்குப் போய்விடும்.

ஆனால் திருச்சிக்கு ஹீட்டர் தேவையில்லை என்பதை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஐப்பசி மழையில், ஏசி வேலை செய்யாத ஒரு மாலையில், உட்புறக் கண்ணாடி மூடிக்கொள்ளும்போது அதைத் தெளியவைக்க வெந்நீர்ச் சூடு ஒன்றுதான் கையில் இருக்கும். இந்த இணைப்பைத் தற்காலிகமாகவே வைத்துக்கொண்டு, மழைக்கு முன் வால்வை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முன் இருக்கையடியில் கார்ப்பெட் நனைந்திருக்கிறது. வால்வா, ஹீட்டர் கோரா, வேறு ஏதாவதா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஒரு வெள்ளைத் துணியை ஈரத்தின் மேல் அழுத்திப் பாருங்கள். நிறமும் மணமும் இல்லாத, பிசுபிசுப்பற்ற நீர் என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. காரின் அடியில் அதன் முனையைக் கண்டு தூர் எடுத்தால் போதும். பச்சையோ நீலமோ சிவப்போ படிந்து, விரலில் வழுவழுத்து, இனிப்பு வாடை வந்தால் அது கூலன்ட். அதோடு கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படிந்தால் ஹீட்டர் கோர் பழுது. வால்வு என்ஜின் அறையில் இருக்கும் கார்களில் அதன் கசிவு கார்ப்பெட்டுக்கு வராது. வால்வை டேஷ்போர்டுக்குள்ளேயே வைத்திருக்கும் கார்களும் உண்டு. பழைய வால்வோ 240 ஓர் எடுத்துக்காட்டு. அப்படியான காரில் பக்கப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, முதலில் வால்வைப் பார்த்துவிட்டுக் கோரைக் குற்றம் சொல்லுங்கள்.

கேள்வி: என்ஜின் அதிகச் சூடாகும்போது ஹீட்டரை முழு அளவில் போட்டால் சூடு குறையும் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: உண்மைதான். ஹீட்டர் கோரும் ஒரு ரேடியேட்டரே. விசிறியை முழு வேகத்தில் வைத்தால் என்ஜினின் சூட்டில் ஒரு பகுதி காருக்குள் வந்துவிடும். ஏற்காடு மலைப்பாதையில் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடிகளை இறக்கி, நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஓட்டிச் செல்லலாம். வால்வு மூடிய நிலையில் இறுகியிருந்தால் இந்த உபாயம் பலிக்காது. ஹீட்டரைப் போட்டதும் குளிர்ந்த காற்றே வந்து, என்ஜின் முள்ளும் ஏறிக்கொண்டே போனால், கூலன்ட் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. உடனே ஓரம்கட்டி என்ஜினை நிறுத்துங்கள், அது ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.